ஓர் ஆங்கிலச் சொல்லை முழுதாகக் கற்பது எப்படி: ‘ரிலக்டன்ட்’டை வைத்து ஒரு செய்முறை

ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ‘ரிலக்டன்ட்’ என்று தேடினால் ‘தயக்கமுள்ள’ என்று கிடைக்கும். அதை நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். பத்து நாள் கழித்து அதே சொல் ஒரு செய்தியில் வரும்போது ‘எங்கேயோ பார்த்த சொல்’ என்பது மட்டும் நினைவுக்கு வருகிறது. பேசும்போதோ எழுதும்போதோ அது தானாக வந்து நிற்பதில்லை. அப்படியே வந்தாலும் அதற்குப் பிறகு ‘டு’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா, ‘ஆஃப்’ போடுவதா என்று கை நின்றுவிடுகிறது. இதற்கு நினைவாற்றலைக் குறை சொல்லிப் பயனில்லை. கற்றது பாதிதான் என்பதால் வந்த வினை இது.

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன், ஒரு சொல்லை அறிவது என்றால் அதன் வடிவம், பொருள், பயன்பாடு மூன்றையும் அறிவது என்று பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு நிலை உண்டு: படிக்கும்போதும் கேட்கும்போதும் புரிந்துகொள்வது ஒன்று, நாமே எடுத்துப் பயன்படுத்துவது இன்னொன்று. பெரும்பாலோர் பொருளில், அதுவும் புரிந்துகொள்ளும் நிலையில், நின்றுவிடுகிறார்கள். பயன்பாட்டுப் பக்கம் தொடப்படுவதே இல்லை. ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், யார் பேச்சில் வரும், எங்கே வராது என்பவைதான் அந்தச் சொல்லின் பெரும்பகுதி.

கீழே சொல்லும் முறைக்கு முதல் நாள் ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம் ஆகும். பிறகு ஒரு மாதத்துக்குச் சற்று மேல், ஐந்து தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு சொல்லுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

எந்தச் சொல்லுக்கு இந்த உழைப்பு

எல்லாச் சொல்லுக்கும் இது தேவையில்லை. படிக்கும்போது முதல் தடவை எதிர்ப்படும் சொல்லை, வாக்கியம் புரிந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். வெவ்வேறு இடத்தில் மூன்றாவது தடவை அதே சொல் வழிமறித்தால் அது புழக்கத்தில் உள்ள சொல், உங்களுக்கு வேண்டிய சொல். மிக அதிகமாகப் புழங்கும் 2000 சொற்குடும்பங்களே (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நிரப்புகின்றன. அந்த அடித்தளத்தில் ஓட்டை இருக்கும்போது நாளிதழ்த் தலையங்கத்தில் ஒருமுறை தென்பட்ட அரிய சொல்லைத் துரத்துவது நேர விரயம். கற்போருக்கான நல்ல அகராதிகளில் அடிக்கடி வரும் சொற்களுக்கு நட்சத்திரமோ, புள்ளியோ, நிறமோ, சிறு சாவிப் படமோ போட்டிருப்பார்கள். அந்த அடையாளம் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ஒரே பொருள் வட்டத்தில் உள்ள இரண்டு புதிய சொற்களை ஒரே நாளில் எடுக்காதீர்கள். ‘ரிலக்டன்ட்’, ‘ஹெஸிடன்ட்’ இரண்டும் புதிதென்றால், ஒன்றை இன்றும் மற்றதை இரண்டு வாரம் கழித்தும் கற்கவேண்டும். சேர்த்துக் கற்றால் எது எதன் பொருள் என்ற குழப்பம் நீண்ட நாள் போகாது. ‘ஒத்த பொருள் சொற்கள் 50’ போன்ற பட்டியல்கள் ஏற்கெனவே தெரிந்த சொற்களை ஒழுங்குபடுத்தத்தான் உதவும். புதிதாகக் கற்க அவை நல்ல வழியல்ல.

அகராதிக்கு முன் ஒரு நிமிடம்

சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக: ‘தி பேங்க் வாஸ் ரிலக்டன்ட் டு லெண்ட் தெம் மோர் மணி.’ இப்போது அகராதியைத் திறக்காமல் மூன்று கேள்விகள். இது பெயரா, வினையா, பண்பைச் சொல்வதா? ‘வாஸ்’ என்பதற்குப் பிறகு வந்து வங்கியின் நிலையைச் சொல்வதால் பெயரடை. அடுத்து என்ன வருகிறது? ‘டு’, அதற்குப் பிறகு ஒரு வினை. நல்ல பக்கமா, கெட்ட பக்கமா? ‘இன்னும் கொஞ்சம் பணம்’ என்று கேட்கிறார்கள், கேட்கப்படுவது வங்கி. ஆகவே இழுத்தடிக்கிறது அல்லது பின்வாங்குகிறது.

இந்த ஊகத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகித்துவிட்டுப் பார்த்த பொருள் மனத்தில் ஆழமாகப் பதியும், அதோடு சொல்லின் இலக்கண இடம் என்ன என்பது பொருளுக்கு முன்பே கைக்கு வந்துவிடும்.

அகராதியை வாசிக்கும் முறை

தாய்மொழியாகப் பேசுவோருக்கான அகராதி வேறு, கற்போருக்கான அகராதி வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1948 முதல் இந்த வழியைத் திறந்தது. 1978இல் வந்த லாங்மன் அகராதி, விளக்கங்கள் அனைத்தையும் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் எழுதியது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக்கியது: ‘நீங்கள் ஒன்றைச் செய்ய ரிலக்டன்டாக இருந்தால்…’ என்ற பாணியில் தொடங்கும். அந்த ஒரு வரியிலேயே பொருளும் வந்துவிடுகிறது, சொல் எப்படி வாக்கியத்தில் உட்காரும் என்பதும் வந்துவிடுகிறது. பயன்பாட்டைக் கற்க இதைவிட நேரான விளக்கம் இல்லை. இவற்றின் இன்றைய வடிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மெரியம்-வெப்ஸ்டரின் பொது அகராதி போன்றவை, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் காலத்தால் பழையதை முதலில் தருகின்றன. முதலில் இருப்பதுதான் முக்கியமான பொருள் என்று எடுத்துக்கொண்டால் இன்று வழக்கொழிந்துவரும் ஒன்றைக் கற்கும்படி ஆகலாம். கற்போர் அகராதிகள் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கின்றன. ஆனால் அங்கேயும் உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்துவது மூன்றாவதாக இருக்கலாம், எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். ‘லோன் சாங்ஷன் ஆகிவிட்டது’ என்று பேசிப் பழகியவருக்கு அந்தச் சொல் ‘அனுமதி’ மட்டுமே. ஒரு நாட்டின் மீது ‘சாங்ஷன்ஸ்’ விதித்தார்கள் என்று செய்தியில் வந்தால் அங்கே பொருள் பொருளாதாரத் தடை, நேர் எதிர்த்திசை. பன்மையில் வருகிறதா, எந்த வினையோடு வருகிறது என்று பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

பொருளைப் படித்ததும் மூடிவிடாமல், சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறிகளைப் பாருங்கள். பெயர்ச்சொல் என்றால் ‘சி’ என்ற எழுத்து எண்ணக்கூடியது, ‘யு’ எண்ண முடியாதது. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’ எல்லாம் ‘யு’. ஆகவே பன்மை ‘எஸ்’ சேராது. தமிழில் ‘அறிவுரைகள்’, ‘தகவல்கள்’ என்று தாராளமாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கம்தான் ‘அட்வைசஸ்’ என்று வாயில் வருகிறது. வினை என்றால் ‘டி’ செயப்படுபொருள் வேண்டுவது, ‘ஐ’ வேண்டாதது. பெயரடை என்றால் அது பெயருக்கு முன்னால் வருமா என்ற குறிப்பைத் தேடுங்கள். ‘அஸ்லீப்’ பெயருக்கு முன் வராது. ‘ரிலக்டன்ட்’ இரு இடத்திலும் வரும். ‘எ ரிலக்டன்ட் விட்னெஸ்’ என்றால் சாட்சி சொல்ல மனமில்லாத சாட்சி. பிறகு, தடித்த எழுத்தில் ‘ரிலக்டன்ட் டு டூ சம்திங்’ என்று ஒரு சட்டகம் கொடுத்திருப்பார்கள். நோட்டில் எழுத வேண்டிய தலைப்பு இந்தச் சட்டகம்தான், தனிச் சொல் அல்ல.

ஒலியும் எழுத்தும்

ஒலியைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துவைத்தால் சிக்கல். ‘பேக்’ என்று எழுதிவைத்தது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று ஒரு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. இரண்டு ஓசைக்கும் நம்மிடம் ஒரே ‘ப’தான், ஒரே ‘க’தான். அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாக உச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை ஒடுங்கும். கேட்பவர் சொல்லை அடையாளம் காண்பதே பெரும்பாலும் அந்த ஓங்கிய அசையை வைத்துத்தான்.

அகராதியின் ஒலிக்குறியில் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும், அதற்கு அடுத்து வரும் அசைதான் ஓங்கும் அசை. ‘ரிலக்டன்ட்’டில் மூன்று அசை: ரி, லக், டன்ட். ஓங்குவது நடுவில் உள்ள ‘லக்’. முதல் அசை குறுகும். கடைசி அசையின் உயிரொலி குற்றியலுகரம்போலத் தேய்ந்து, ஏறக்குறைய காணாமல் போகும். ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி மூன்று முறை கேட்டுவிட்டு, அதோடு சேர்ந்து ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘லக்’கில் விரலால் மேசையைத் தட்டினால் அழுத்தம் சீக்கிரம் பழகும். பிறகு தனிச் சொல்லாக இல்லாமல் ‘ரிலக்டன்ட் டு லீவ்’ என்று தொடராகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ‘ட்’ ஒலியும் ஒன்றாகக் கலந்துவிடும். யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் இடங்களை வரிசையாகக் காட்டும். பத்து பேர் வாயில் கேட்டால் ஒலி உறுதிப்பட்டுவிடும்.

எழுத்தில் இடறும் இடம் ஒன்றே ஒன்று: கடைசியில் ‘ஏ, என், டி’. ஒலி தேய்ந்துபோனதால் அங்கே ‘இ’யா ‘ஏ’யா என்று காது சொல்லாது, கண்ணால்தான் பிடிக்கவேண்டும். குடும்பத்தையும் அதே வரியில் எழுதுங்கள்: பெயர் ‘ரிலக்டன்ஸ்’, வினையடை ‘ரிலக்டன்ட்லி’. இதற்கு இன்று புழக்கத்தில் உள்ள வினைவடிவம் இல்லை. இல்லாததையும் குறித்துவைப்பது நல்லது, இல்லையென்றால் நாமாக ஒன்றை உருவாக்கிவிடுவோம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மல்லுக்கட்டுதல்’ என்ற பொருளுள்ள ஒரு வினையோடு ‘எதிர்த்து’ என்ற முன்னொட்டு சேர்ந்தது. உள்ளுக்குள் ஓர் எதிர்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது என்பதை இது நன்றாக நினைவூட்டும். ஆனால் வேரை நம்பிப் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. பல சொற்கள் வேரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டன. வேர் ஞாபகத்துக்கு உதவினால் எழுதுங்கள், உதவாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தமிழ்ப் பொருளை எப்படி எழுதுவது

தமிழில் பொருள் எழுதவே கூடாது, ஆங்கிலத்திலேயே சிந்திக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது தேவையற்ற கண்டிப்பு. தாய்மொழிப் பொருள் சீக்கிரமாகவும் தெளிவாகவும் புரியவைக்கும், அதை ஏன் இழக்கவேண்டும்? ஆனால் அந்தப் பொருளைச் சரியாக எழுதவேண்டும்.

‘தயக்கம்’ என்ற நம் சொல் மிக அகலமானது. பயத்தால் வரும் தயக்கம், எது சரி என்று தெரியாத தயக்கம், கூச்சத்தால் வரும் தயக்கம், பிடிக்காததால் வரும் தயக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆங்கிலம் அதை மூன்று நான்கு சொற்களாகப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. எனவே ஒரு சூழலை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சொற்களோடு ஒப்பிட்டால்தான் எல்லை தெரியும்.

ஒருவரை மேடையில் பேச அழைக்கிறார்கள். பேச ஆசை இருக்கிறது, தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்: இவர் ‘ஹெஸிடன்ட்’. பேசுவதில் விருப்பமே இல்லை, அழைத்தவர் மேலதிகாரி என்பதால் மெல்ல எழுந்து போகிறார்: இவர் ‘ரிலக்டன்ட்’. யார் சொன்னாலும் எழுந்திருக்க மனமில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்: இவர் ‘அன்வில்லிங்’. நான்காவதாக ‘ரெடிசன்ட்’ என்று ஒன்று உண்டு. அது தன் மனத்தில் உள்ளதை வெளியே பேசாத இயல்பு. ‘ரிலக்டன்ட்’ வரவேண்டிய இடத்தில் அதைப் போடும் வழக்கம் ஆங்கிலேயரிடமே இருக்கிறது. கவனமாக எழுதுவோர் அதை ஏற்பதில்லை, நீங்களும் தவிர்த்துவிடுங்கள்.

ஆக ‘ரிலக்டன்ட்’டின் கரு இதுதான்: விருப்பம் இல்லை, ஆனாலும் கடைசியில் செய்தும்விடலாம். நோட்டில் ‘தயக்கமுள்ள’ என்பதற்குப் பதிலாக ‘செய்ய மனமில்லாத, ஆனாலும் செய்யக்கூடிய’ என்று எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ‘ஷீ ரிலக்டன்ட்லி அக்ரீட்’ என்பதற்கு ‘மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டாள்’ என்பது கச்சிதம். ‘அரைமனதோடு’ என்பதும் பொருந்தும். ‘வேண்டாவெறுப்பாக’ என்பது சற்றுக் கூடுதல். அதில் எரிச்சல் கலந்திருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அது கட்டாயமில்லை. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்ய ‘ரிலக்டன்ட்’ என்றால் அவருக்கு வெறுப்பு ஒன்றுமில்லை, ஆபத்தை எண்ணி யோசிக்கிறார், அங்கே ‘தயங்குகிறார்’ என்பதே சரி. இப்படி இரண்டு மூன்று வாக்கியங்களுக்குத் தமிழ் சொல்லிப் பார்த்தால், ஒரே தமிழ்ச் சொல்லால் எல்லா இடத்தையும் மூட முடியாது என்பதும், எந்த இடத்தில் எது என்பதும் ஒருசேரத் தெரியவரும்.

ஏற்கெனவே தமிழுக்குள் புழங்கும் ஆங்கிலச் சொல் என்றால் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். ‘ரொம்ப ஃபீல் பண்ணாதே’ என்றால் நமக்கு ‘வருத்தப்படாதே’. ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ வருத்தத்தைக் குறிக்காது, என்ன உணர்வு என்று அடுத்த சொல் சொல்லவேண்டும். ‘எனக்கு ஒரு டவுட்’ என்று கையைத் தூக்குகிறோம், அது ஆங்கிலத்தில் ‘கொஸ்டின்’. அங்கே ‘ஐ டவுட் இட்’ என்றால் ‘அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்’ என்று பொருள். ‘சந்தேகம்’ இரண்டையும் தாங்கும், ‘டவுட்’ தாங்காது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்பதில் உள்ள ‘பொறுத்துப்போதல்’ ஆங்கில ‘அட்ஜஸ்ட்’டில் கிடையாது. அங்கே ஒரு கருவியைத் திருத்தி அமைப்பதும், ‘அட்ஜஸ்ட் டு’ என்று ஒரு புதுச் சூழலுக்குப் பழகுவதும்தான். தெரிந்த சொல் என்று அகராதி பார்க்காமல் விடுபவை இவையே. அதனாலேயே புதுச் சொற்களைவிட இவற்றில்தான் பிழை அதிகம்.

கூட வரும் சொற்கள்

இருபது நிமிடத்தில் ஏழெட்டு நிமிடத்தை இந்தப் பகுதிக்குக் கொடுங்கள். ஒரு சொல்லின் இருபுறமும் என்ன வருகிறது என்பதைச் சொந்தக் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்கு கார்ப்பஸ் எனப்படும் மொழித் தரவகங்கள் உண்டு. பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் 10 கோடிச் சொற்கள், கோகா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தரவகத்தில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். தொடக்கத்தில் இவை மிரட்டும். ‘ஸ்கெல்’ என்ற இலவசத் தளம் போதும். சொல்லைத் தட்டினால் வடிகட்டிய எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வரும், அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களின் பட்டியலும் வரும்.

இருபது வரிகளை மேலோட்டமாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் முழுதாகப் புரியவேண்டியதில்லை. சொல்லுக்கு வலப்பக்கம் இரண்டு சொல், இடப்பக்கம் இரண்டு சொல், அவ்வளவுதான். ‘ரிலக்டன்ட்’டின் வலப்பக்கம் திரும்பத் திரும்ப ‘டு’ வரும், அதன் பின் வினையின் அடிப்படை வடிவம்: ‘டு அட்மிட்’, ‘டு அக்செப்ட்’, ‘டு டிஸ்கஸ்’, ‘டு லீவ்’. இடப்பக்கம் ‘சீம்’, ‘அப்பியர்’, ‘ரிமெய்ன்’ போன்ற வினைகளும், ‘அண்டர்ஸ்டாண்டபிளி’ போன்ற அடைகளும் இருக்கும். எழுவாயாகப் பெரும்பாலும் மனிதர்களோ, அரசு, வங்கி, நிறுவனம் போல முடிவெடுக்கும் அமைப்புகளோ வரும். வினையடையாக வந்தால் ‘அக்ரீ’, ‘அக்செப்ட்’, ‘அட்மிட்’ போன்ற சில வினைகளோடு ஒட்டிக்கொள்ளும். பெயராக வந்தால் ‘வித் கிரேட் ரிலக்டன்ஸ்’ என்ற தொடர் தென்படும். இவற்றில் உங்களுக்குப் பயன்படும் மூன்று தொடர்களை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். பதினைந்து எழுதினால் ஒன்றும் தங்காது.

இங்கே வரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது ‘ரிலக்டன்ட் டு கோயிங்’. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு கோயிங்’ என்று ஒன்றைக் கஷ்டப்பட்டுக் கற்றிருப்போம், அதே வழக்கத்தை இங்கும் நீட்டிவிடுகிறோம். அங்கே உள்ள ‘டு’ வேற்றுமை போன்றது, அதனால் பெயர் போன்ற ‘கோயிங்’ வரும். இங்கே உள்ள ‘டு’ வினையின் பகுதி, அதனால் ‘கோ’தான் வரும். இரண்டாவது ‘ரிலக்டன்ட் ஃபார் கோயிங்’. ‘போவதற்கு’ என்பதில் உள்ள ‘கு’வை ‘ஃபார்’ ஆக்கியதன் விளைவு. மூன்றாவது ‘ஹி வாஸ் ரிலக்டன்ட் டு தி பிளான்’. ‘அந்தத் திட்டத்துக்குத் தயங்கினார்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘டு’வுக்குப் பிறகு ஒரு வினை கட்டாயம்: திட்டத்தை என்ன செய்யத் தயங்கினார்? ஏற்கவா, ஆதரிக்கவா? ‘டு அக்செப்ட் தி பிளான்’ என்று முடித்தால்தான் வாக்கியம் நிற்கும்.

இந்த மூன்றும் ஒரு சொல்லோடு முடிவதில்லை. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’தான் ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் தேவையில்லாத ‘அபவுட்’டாக வருகிறது. ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதற்கு ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்கிறோம். ‘டெல் மீ’, ‘கிவ் மீ’ இரண்டும் சரியாக இருப்பதால் இதுவும் சரி என்று தோன்றுகிறது, ஆனால் இந்த வினைக்கு ‘டு மீ’ வேண்டும். ஒவ்வொரு புது வினையை எடுக்கும்போதும், தமிழில் அதற்கு எந்த உருபு வருகிறது, ஆங்கிலத்தில் என்ன வருகிறது என்று அருகருகே எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் அடிக்கோடிடுங்கள். நீங்கள் தவறப்போகும் இடம் அதுதான்.

சொந்த வாக்கியம்

‘ஹி இஸ் ரிலக்டன்ட்’ என்று எழுதினால் இலக்கணப்படி பிழையில்லை, பயனும் இல்லை. அந்த இடத்தில் ‘டால்’, ‘ஹேப்பி’, ‘ஹங்ரி’ எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். நல்ல எடுத்துக்காட்டுக்கு ஒரு சோதனை உண்டு: சொல்லை மறைத்துவிட்டு மற்றவரிடம் காட்டுங்கள், அவர் அந்தச் சொல்லையோ அதற்கு நெருங்கியதையோ ஊகிக்கவேண்டும். ‘ஷீ வாஸ் … டு செல் தி ஹவுஸ், பட் ஷீ நீடட் தி மணி.’ வீட்டை விற்க மனமில்லை, ஆனால் பணம் தேவை. ‘பட்’டுக்குப் பிறகு உள்ள பகுதிதான் சொல்லின் பொருளைத் தாங்குகிறது.

மூன்று வாக்கியம் போதும். ஒன்று உங்கள் வாழ்க்கையில் உண்மையில் நடந்தது. ஒன்று ‘ஒய்’ என்று தொடங்கும் கேள்வி: ‘ஒய் ஆர் யூ ரிலக்டன்ட் டு ட்ரை?’ ஒன்று வினையடை வடிவத்தில். அவற்றைச் சரிபார்க்க, வாக்கியத்தின் நடுவில் உள்ள மூன்று நான்கு சொற்களைத் தரவகத்தில் தேடுங்கள். பொதுத் தேடுபொறி காட்டும் எண்ணிக்கையை நம்பவேண்டாம், பிழையான தொடருக்கும் அது ஆயிரக்கணக்கில் காட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்துவதென்றால் ‘இது சரியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் இதையே பேச்சில் எப்படிச் சொல்வார், அலுவலகக் கடிதத்தில் எப்படி எழுதுவார்’ என்று கேளுங்கள். அப்போது ஒரு விஷயம் புலப்படும்: நண்பரோடு பேசும்போது ‘ஐ டிட்ன்ட் ரியலி வான்ட் டு கோ’ என்பதே இயல்பு. ‘ரிலக்டன்ட்’ எழுத்திலும், சற்றுக் கவனமான பேச்சிலும், வேறு ஒருவரின் மனநிலையைச் சொல்லும்போதும் அதிகம் பொருந்தும். தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் திணித்தால் பேச்சு விறைத்துப்போகும்.

அட்டையும் மறுபார்வையும்

கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மீதே சோதித்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் இழப்பு மிக அதிகம், பிறகு வேகம் குறைகிறது. ஆகவே முதல் மறுபார்வை மறுநாளே நடக்கவேண்டும். அதன் பிறகு 3, 7, 16, 35ஆம் நாட்கள் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போகலாம். இந்த எண்கள் வேதவாக்கு அல்ல, ஒரு நாள் முன்பின் ஆனால் ஒன்றும் கெடாது. சொல்லட்டைகளை உரிய நாளில் காட்டும் ‘அங்கி’ போன்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். காகித அட்டையும் ஐந்து அறைகள் உள்ள பெட்டியும் இருந்தாலும் போதும்: சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு, தவறினால் முதல் அறைக்கு.

அட்டையின் முன்பக்கம் இடைவெளி விட்ட உங்கள் வாக்கியமும், ஓரத்தில் ‘மனமில்லாத’ என்ற சிறு குறிப்பும் மட்டும். பின்பக்கம் சொல், ஓங்கும் அசைக்கு அடிக்கோடு, சட்டகம், மூன்று தொடர்கள். முன்பக்கத்தில் சொல்லையும் பின்பக்கத்தில் பொருளையும் எழுதினால் புரிந்துகொள்ளும் நிலை மட்டுமே பழகும். பேச்சில் வரவேண்டும் என்றால் பொருளிலிருந்து சொல்லை வரவழைக்கும் திசையில் பழகவேண்டும்.

மறுபார்வையின்போது அட்டையைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டு, முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ஐந்து விநாடி திணறினாலும் சரி, அந்தத் திணறலில்தான் கற்றல் நடக்கிறது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்த உடனே வைத்த தேர்விலோ நிலைமை தலைகீழ். நோட்டைப் புரட்டும்போது ‘எல்லாம் தெரிந்ததுதான்’ என்று வரும் நிம்மதியை நம்பக்கூடாது என்பது அதனால்தான்.

ஏழாம் நாள் மறுபார்வையில் பழைய வாக்கியத்தோடு நிற்காமல் அந்த இடத்திலேயே புதிதாக ஒன்று சொல்லுங்கள். பழைய வாக்கியம் அதற்குள் மந்திரம்போல மனப்பாடம் ஆகியிருக்கும், சொல் வந்ததா வாக்கியம் வந்ததா என்று தெரியாது.

சில அட்டைகள் எத்தனை முறை பார்த்தாலும் முதல் அறைக்கே திரும்பும். அங்கி செயலி, மாற்றாமல் விட்டால், எட்டுத் தடவை தவறிய அட்டைக்குத் தானாகவே ஓர் அடையாளம் போட்டுவிடுகிறது. காகிதத்தில் நான்கு தடவையிலேயே நீங்கள் ஒதுக்கிவிடலாம். அதே அட்டையை இன்னும் பத்துத் தடவை பார்ப்பதில் பயனில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: பக்கத்துச் சொல் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது, அல்லது வாக்கியம் உங்களுக்கு ஒட்டாத வாக்கியம். முதலாவது என்றால் குழப்பும் சொல்லின் அட்டையை இரண்டு வாரம் எடுத்துவைத்துவிடுங்கள். இரண்டாவது என்றால் அட்டையைக் கிழித்துவிட்டு, அந்த வாரத்தில் நீங்கள் மனமில்லாமல் செய்த ஒரு காரியத்தை எடுத்து, புது வாக்கியம் எழுதி, முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.